முழங்கை மடிப்புக் காவலர்கள்

முதல் காவலர் என் மகள் ரெனிட்டாவின் இடது முழங்கை மடிப்பில் வெளியே வந்து நின்றது ஒரு சனிக்கிழமை சாயங்காலம், எங்கள் வீட்டில் அன்பியக் கூட்டம் நடந்துகொண்டிருந்தபோது. அன்பியம் என்றால், தெருவிலுள்ள கத்தோலிக்கக் குடும்பங்கள் முறை வைத்து ஒவ்வொரு வீடாகக் கூடி ஜெபமாலை சொல்வது, சொல்லி முடித்ததும் இந்த வீட்டுக்காரி என்ன பலகாரம் போட்டாள், போன வீட்டுக்காரி என்ன போட்டாள் என்று மனதுக்குள் தராசு பிடிப்பது. நான் அடுக்களையில் உளுந்தவடையைப் புரட்டிக்கொண்டு, கடைசி ஈடு வேகும்வரை பிரார்த்தனை நீளவேண்டுமே என்று, ஜெபத்தில் இல்லாதவள் ஜெபத்தை நீட்டச் சொல்லி வேண்டிக்கொண்டிருந்தேன். ரெனிட்டாதான் காபித் தட்டை எடுத்துக்கொண்டு போனாள். தட்டைக் குனிந்து நீட்டியபோது கவுன் கை விலகி, முழங்கை மடிப்பு வெளிச்சத்தில் தெரிந்தது. அங்கே கடுகளவில் ஓர் ஆள், காக்கிச் சட்டையும் கையில் தடியுமாக, பாங்கு வாசலில் நிற்கிற தோரணையில் நின்றுகொண்டிருந்தார். அவருக்குப் பின்னால், தோல் வெடித்த கோடு வழியாக இன்னும் சிலர் ஒருவரையொருவர் கைகொடுத்துத் தூக்கிவிட்டு ஏறி வந்துகொண்டிருந்தார்கள்.

அன்பியத் தலைவி மெட்டில்டா அக்கா காபியை எடுக்காமல் கண்ணாடியை எடுத்தாள். மாட்டிக்கொண்டு, பிள்ளையின் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, அடுக்களைப் பக்கம் குரல் கொடுத்தாள்: "ஏளா ஜெசிந்தா, இவியல்லாம் ஞானஸ்நானம் வாங்குனவியளா?"

"காபி ஆறுதுக்கா, குடிங்க" என்றேன் நான்.

அதோடு அன்றைக்குப் பேச்சு வடைக்குத் திரும்பிவிட்டது. வானதூதர் மிக்கேல் சம்மனசின் பெயரை வைத்துக்கொண்டிருக்கிற எங்கள் தெரு எதற்கும் ஆச்சரியப்படாத தெரு. தண்ணீர் லாரி சொன்ன நேரத்துக்கு வந்த ஒரே ஒரு காலையில் மட்டும் வாயைப் பிளந்தது, மற்றபடி வானம் இடிந்து விழுந்தாலும் யார் வீட்டு மாடியில் விழுந்தது என்றுதான் முதலில் கேட்கும்.

ரெனிட்டாவுக்குக் கைக்குழந்தையிலேயே அரிப்பு கன்னத்தில் தொடங்கியது, பிறகு கன்னத்தை விட்டு முழங்கை மடிப்புக்கும் முழங்கால் மடிப்புக்கும் கழுத்துக்கும் இறங்கியது, தெரு அதைக் கரப்பான் என்றது, டாக்டர் எக்ஸிமா என்றார். கத்தரிக்காய் கொடுக்காதே, கருவாடு கொடுக்காதே, முட்டை கொடுக்காதே என்று ஆளாளுக்கு ஒன்றை என் அடுக்களையிலிருந்து வெளியேற்றினார்கள். தங்கள் வாயைத் தவிர மற்ற எல்லாவற்றையும் மூடிவைக்கச் சொன்னார்கள். எனக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று. பன்னிரண்டு வயதுப் பிள்ளை தன்னைத்தானே கிழித்துக்கொள்ளாமல் தூங்கி எழுந்திருக்க வேண்டும், காலையில் நான் மடிக்கிற போர்வையில் ரத்தப் பொட்டு இருக்கக் கூடாது. இதைத்தான் மாதாவிடம் கேட்டேன், மிக்கேல் சம்மனசிடம் கேட்டேன், மருந்துக் கடைக்காரரிடமும் கேட்டேன்.

அந்தக் காவலர்களின் வேலை தட்டுவது. கூர்க்கா தெருவில் தடியைத் தட்டிக்கொண்டு போவாரே, அப்படி. தெரு என்பது என் மகளின் தோல். ஒவ்வொரு தட்டும் ஓர் அரிப்பு. தூசி பறந்தால் தட்டுவார்கள், வியர்வை துளிர்த்தால் தட்டுவார்கள், பள்ளிக்கூடச் சீருடையின் தையல் உரசினால் ஒருவர் தட்ட, அவர் தட்டியதைக் கேட்டு அடுத்தவர் தட்ட, எதற்கென்றே தெரியாமல் கடைசி வரிசைவரை தட்டுவார்கள். அவள் சொறிவாள். சொறிந்த இடம் வெடிக்கும். வெடித்த இடம் வழியாக இன்னும் கொஞ்சம் பேர் ஏறி வருவார்கள்.

தோல் டாக்டர் கோமதி லென்ஸை வைத்துப் பார்த்தார், பார்த்துவிட்டு லென்ஸைத் துடைத்தார், அவ்வளவுதான். இவர்கள் எல்லார் உடம்பிலும் உண்டு என்றார். உங்கள் உடம்பிலும் என் உடம்பிலும் உள்ளுக்குள்ளேயே ரோந்து போவார்கள், உண்மையான கிருமி வந்தால் பிடித்து அடித்து அனுப்புவார்கள், நமக்குத் தெரிவதில்லை. இந்தப் பிள்ளைக்குத் தோல் என்கிற மதிலில் செங்கலுக்கும் செங்கலுக்கும் நடுவே இருக்கவேண்டிய பூச்சு பிறவியிலேயே கொஞ்சம் குறைவு. ஓட்டை இருக்கிற மதிலில் காவலுக்கு நிற்கிறவனுக்கு நிம்மதி ஏது, எல்லாமே திருடனாகத்தான் தெரியும் என்றார். எனக்குப் பொறுமை கிடையாது. பள்ளிக்கூடத்தில் சிஸ்டர் எமரென்ஷியா பிரம்பை மேசைமேல் வைத்துவிட்டுத்தான் பாடத்தைத் தொடங்குவார். சிக்கலென்றால் அதற்கு ஒரு விடை, விடைக்குக் கீழே இரண்டு கோடு, இப்படித்தான் நாங்கள் படித்தோம்.

"இவங்களை வேற எங்கயாவது டிரான்ஸ்பர் பண்ண முடியாதா டாக்டர்?"

"இவங்க அவளோட சொந்த ஆளுங்கம்மா" என்றார் டாக்டர். "வெளியூர்க்காரங்க இல்ல."

மதிலைப் பூசச் சொன்னார். இளஞ்சூட்டு நீரில் குளிப்பாட்டி ஈரம் காயுமுன் களிம்பை வழிய வழிய அப்ப வேண்டும், சிவந்து தடித்த இடத்தில் மட்டும் இன்னொரு களிம்பை மெல்லியதாகத் தடவ வேண்டும். தடவினேன். இரண்டாவது களிம்பு பட்டதும் காவலர்கள் கொட்டாவி விட்டு, தடியைத் தலைக்கு வைத்துப் படுத்துவிடுவார்கள். நான் அவர்களைத் தாண்டித் தாண்டி விரலை நகர்த்துவேன். அந்த நேரத்தில் பார்க்க, சத்தியமாக, பாவமாகத்தான் இருப்பார்கள். நிறுத்தினால் எழுந்துவிடுவார்கள். தூக்கத்தில் எழுப்பப்பட்ட ஆண்பிள்ளைகளின் குணம் எனக்குத் தெரியும், அதே குணம்.

இதற்குள் தெரு அவர்களுக்கு வேலை கண்டுபிடித்துவிட்டது. மெட்டில்டா அக்கா ஒரு நாள் மீன்காரியிடம் வாங்கிய சீலாவைத் தட்டோடு கொண்டுவந்து ரெனிட்டாவின் கையருகே நீட்டினாள். காவலர்கள் தட்டினார்கள். மீனை அறுத்துப் பார்த்தால் உள்ளே மெத்தென்று கெட்டுப் போயிருந்தது. அவ்வளவுதான். மறுநாள் முதல் எங்கள் வாசலில் பால் செம்பு, அரிசி முறம், மருந்துச் சீட்டு, மாப்பிள்ளை போட்டோ என்று ஆளாளுக்கு ஒன்றோடு நின்றார்கள். காவலர்கள் நல்ல மீனுக்கும் தட்டினார்கள் என்பதை நான் சொல்லிப் பார்த்தேன். வெறும் தட்டை நீட்டினாலும் தட்டுகிறார்கள் என்று, வெறும் தட்டை நீட்டியே காட்டினேன். தட்டில் ஏதாவது இருந்திருக்கும் என்றார்கள். இந்தத் தெருவில் ஒருவர் குற்றவாளி என்று ஆகிவிட்டால், குற்றத்தை அப்புறம் தேடிக்கொள்ளலாம்.

காவலர்கள் எதற்கெல்லாம் தட்டினார்களோ அதெல்லாம் தெருவை விட்டுப் போயிற்று. கோடி வீட்டு ரோசலின் டீச்சரின் பூனை போயிற்று. டீச்சர் அதைச் சாக்குப்பையில் கட்டி மார்க்கெட்டில் விட்டுவிட்டு, திரும்பி வந்து அதன் பால் கிண்ணத்தைக் கழுவிக் கவிழ்த்துவைத்தார். பிச்சிக்கொடியை வெட்டினார்கள். கம்பளி, ஊதுபத்தி, கடலை மிட்டாய், வாசனைச் சோப்பு, காலண்டர் தொங்கிய பழைய சுவர்ச் சுண்ணாம்பு எல்லாம் போயின. வாசலை டெட்டால் விட்டுக் கழுவினார்கள். குழந்தைகள் மண்ணில் விளையாடக் கூடாது என்றாயிற்று. தெரு ஆஸ்பத்திரி வராந்தா மாதிரி ஆனது, ஆனபிறகு பார்த்தால் காவலர்கள் முன்னைவிட அதிகமாகத் தட்டினார்கள். பிடிக்க ஒரு பூனையும் இல்லாதபோது பூனை நின்ற இடத்தைப் பார்த்துத் தட்டினார்கள். ஞாயிற்றுக்கிழமைப் பூசை மணி அடித்தால் தட்டினார்கள். ரெனிட்டாவின் இமைமேல் ஒரு புறக்காவல் நிலையமே போட்டார்கள்.

நான் வாசற்கதவைச் சாத்திப் பார்த்தேன். தெருக்காரர்கள் கொல்லைப்புறமாக வந்தார்கள். தமிழில் திட்டினால் உறவு, ஆங்கிலத்தில் திட்டினால் மரியாதை என்று எண்ணி, சிஸ்டர் எமரென்ஷியாவின் குரலில் ஆங்கிலத்திலும் திட்டிப் பார்த்தேன். ஜெசிந்தா எவ்வளவு அழகாக இங்கிலீஷ் பேசுகிறாள் என்று நின்று கேட்டுவிட்டு மீன் தட்டை நீட்டினார்கள். என் வீட்டுக்காரர் ரெமிஜியுஸ் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர். எத்தனை டன் கண்டெய்னரையும் ஒரு பூவை வைக்கிற மாதிரி கப்பலில் வைப்பார், மெட்டில்டா அக்காவிடம் ஒரு வார்த்தை வைக்க வராது. நம் தெருதானே, கொஞ்சம் அனுசரித்துப் போ என்றார். அனுசரிப்பது யார் தோல் என்று கேட்டேன். அவர் டிபன் கேரியரை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போய்விட்டார்.

செப்டம்பர் கடைசியில் மிக்கேல் சம்மனசு திருவிழா. சம்மனசு வானத்துப் படைகளுக்குத் தளபதி. தளபதி தெருவின் பெயராக இருக்க, தெருவில் ஒரு பிள்ளையின் கையில் படை இருந்தால், அது யார் படை என்று ஒருவர் சொல்லவேண்டுமா? சொல்லாமலேயே எல்லாருக்கும் புரிந்துவிட்டது. அப்படியெல்லாம் இல்லையென்று சொல்லச் சொல்லிப் பங்குச்சாமியிடம் போனேன். அவர் ஆமென்றும் சொல்லவில்லை, இல்லையென்றும் சொல்லவில்லை, ஆயருக்கு எழுதியிருப்பதாகச் சொன்னார். ஆயர் பதில் எழுதுமுன் கொடியேற்றம் ஆகிவிட்டது. சம்மனசைச் சுமந்துகொண்டு சப்பரம் வரும்போது ரெனிட்டாவை வாசலில் ஒரு நாற்காலியில் உட்காரவைப்பது, படை தன் தளபதிக்கு ஒரு மரியாதை செய்துகொள்ளட்டும், அவ்வளவுதான், வேறொன்றுமில்லை என்று அன்பியம் முடிவு செய்தது. உட்காருவதில் என்ன இருக்கிறது என்று ரெமிஜியுஸும் சொன்னார். பிள்ளையும் சரி என்றாள். அவளை ஒருவரும் தொடாமல் பார்த்துக்கொண்டிருந்த நாட்களுக்குப் பிறகு, ஊரே அவளுக்காக நின்று போகப்போகிறது என்பதில் அவளுக்கும் ஓர் ஆசை இருந்தது. அதை நான் எப்படிக் குறை சொல்வேன்.

எங்கள் பக்கத்துச் சப்பரத்துக்கு உப்பும் மிளகும்தான் காணிக்கை. நேர்ச்சை வைத்தவர்கள் ஆளுக்கொரு பொட்டலம் வாங்கி, சப்பரம் தங்கள் வீட்டைத் தாண்டும்போது, வேண்டுதலைச் சொல்லி வீசுவார்கள். உடம்பில் மரு என்றாலும் மனதில் பாரம் என்றாலும் உப்பு மிளகு. சப்பரம் போன தெருவில் மறுநாள் காலையில் நடந்தால் காலுக்கடியில் நறநறக்கும். இதெல்லாம் எனக்குப் பிறந்ததிலிருந்து தெரியும். தெரிந்தும், சப்பரம் முனை திரும்பி பேண்டு சத்தம் கேட்டதும், வெயிலில் அவள் கை காய்ந்திருக்குமே என்று களிம்பு டப்பாவை எடுக்க உள்ளே போனேன்.

சப்பரம் எங்கள் வீட்டு வாசலில் நின்றது. கையில் பொட்டலம் பிரித்த கூட்டம், ஒரு பக்கம் சப்பரத்தில் நிற்கிற தளபதியைப் பார்த்தது, மறுபக்கம் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிற படையைப் பார்த்தது. மெட்டில்டா அக்காதான் முதலில் வீசினாள். அவள் மகன் சரக்குக் கப்பலில் போனவன், சித்திரையிலிருந்து ஒரு போன் இல்லை; கண் நிறைய நீரோடு, மகன் பெயரைச் சொல்லி, என் மகள்மேல் வீசினாள். அவள் கெட்ட எண்ணத்தோடு வீசவில்லை என்பது எனக்கு இன்றைக்கும் தெரியும், அதுதான் கஷ்டம். அவளுக்குப் பின்னால் தெருவே வீசியது. வெடித்த முழங்கையில், பிளந்த கழுத்தில், இமையில், ஒவ்வொரு வீட்டின் பாரமும் உப்பாகவும் மிளகாகவும் விழுந்தது. நான் கத்தியது பேண்டு சத்தத்தில் எனக்கே கேட்கவில்லை. கூட்டத்தைப் பிளந்துகொண்டு போய்ச் சேர்ந்தபோது எல்லாரும் முழந்தாளிட்டிருந்தார்கள். ரெனிட்டா மட்டும் நாற்காலியின் கைகளைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. இத்தனை பேர் ஜெபம் பண்ணும்போது எப்படியம்மா அழுவது என்று பிறகு கேட்டாள்.

தூக்கிக்கொண்டு போய்க் குழாயடியில் உட்காரவைத்துக் கழுவினேன். காவலர்கள் முதல்தடவையாகத் தோலின் எல்லா வாசல்களிலிருந்தும் ஒரே நேரத்தில் வந்துகொண்டிருந்தார்கள், அவர்கள் கண்ணில் மிளகு, எதிரே என்ன இருக்கிறது என்று தெரியாமல் தடியைச் சுழற்றிக்கொண்டு, அந்தச் சுழற்சிக்கு நடுவே என் கை உப்புநீரோடு ஒவ்வொரு வெடிப்பாகப் போய்வந்தது. நான் கழுவினேன். கழுவாமல் எந்தத் தாய் இருப்பாள்?

அன்றிலிருந்து என் கை பட்டால் அவர்களுக்கு ஆகவில்லை.

நான் தொட்ட இடத்தில் விரல் விரலாகச் சிவந்து தடித்தது. தலை வாரினால் கழுத்து, சட்டைப் பொத்தான் போட்டால் நெஞ்சு. டாக்டர் கோமதி இம்முறை லென்ஸை வைத்துக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். வாய் வழியாக வருவதை விருந்தாளி என்று இவர்கள் பழகிக்கொள்வார்கள், உடைந்த மதில் வழியாக வருவதை எதிரி என்று எழுதிவைத்துக்கொள்வார்கள் என்றார். சிலருக்கு அப்படித்தான் கடலை ஆகாமல் போகிறது, சிலருக்கு முட்டை. கலவர நேரத்தில் ஓட்டைக்குள் வந்த கை உங்களுடையது என்றார். நான் பெற்று, நான் பால் கொடுத்து, என் ரத்தத்தில் ஊறி உண்டான இந்தக் கடுகுப் பயல்கள் என்னைப் பார்த்து யார் என்று கேட்கிறார்கள். புதிதாக ஓர் ஊசி இருக்கிறதாம், இவர்களில் அதிகம் கூச்சல் போடுகிறவர்களின் வாயை மட்டும் அடைக்குமாம், சென்னைக்கு எழுதியிருக்கிறார், நோய் அதற்குக் கேட்கலாம், கேட்காமலும் போகலாம். அதற்குள் எல்லாரையும் ஒரேயடியாக வீட்டுக்கு அனுப்புகிற மாத்திரை கொடுக்கலாம். கொடுத்தால் நிஜமான காய்ச்சல் வரும்போது வாசலில் ஒருவனும் இருக்கமாட்டான். விடைக்குக் கீழே கோடு போட எனக்கு ஒரு விடையும் வரவில்லை.

களிம்பு போடுகிற வேலை ரெமிஜியுஸுக்குப் போயிற்று. ஒரு சாண் தள்ளி நின்று நான் சொல்லிக்கொடுப்பேன்: மேலிருந்து கீழே, தேய்க்காதீங்க, ஒத்துங்க, சப்பாத்திக்கு நெய் தடவுற மாதிரி தடவாதீங்க. அவர் விரல்கள் தடியானவை. காவலர்கள் அவருக்கு ஒதுங்கி வழி விட்டார்கள். அதைப் பார்த்து நான் பொறாமைப்பட்டேன் என்று சொன்னால் சிரிப்பீர்கள், சிரித்துக்கொள்ளுங்கள். ஒரு நாள் தாங்கமுடியாமல், நாசமாய்ப் போகிறவன்களே, பிள்ளையைக் காப்பாற்ற வந்தீர்களா கொல்ல வந்தீர்களா என்று அவள் முழங்கையைப் பார்த்துக் கத்தினேன்.

"திட்டாதம்மா" என்றாள் ரெனிட்டா. "அவங்களுக்குப் பயம்மா."

"எதைப் பாத்துப் பயம்?"

"அது அவங்களுக்கே தெரியல. உள்ள பேசிக்கிறது எனக்குக் கேக்குது. யாரோ வர்றாங்க, யாரோ வர்றாங்கன்னே சொல்லிக்கிட்டு இருக்காங்க."

எனக்கும் அதே பேச்சுதான் உள்ளே ஓடிக்கொண்டிருந்தது.

ஒன்றே ஒன்று மட்டும் தற்செயலாகத் தெரிந்தது. அவளருகே குனிந்து பெருமூச்சு விட்டபோது, மூச்சுக் காற்று பட்ட இடத்தில் காவலர்கள் தடியை ஓங்கியபடியே நின்றுவிட்டார்கள். விருந்தாளியா எதிரியா என்று அவர்களால் முடிவு செய்ய முடியவில்லை. காற்று வருகிறவரை தடி இறங்கவில்லை. மூச்சு வாங்க நான் நிறுத்தினால் இறங்கியது. அதனால் ரெமிஜியுஸ் வேலையிலிருக்கிற மத்தியானங்களில், அரிப்பு ஏறினால், நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்து ஊதுவேன். முழங்கையில் தொடங்கி மணிக்கட்டு வரை, திரும்பி மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை. அடுப்பு ஊதத் தெரியாமல் கேஸ் அடுப்போடு கல்யாணமாகி வந்தவள் நான். தலை சுற்றும். சில நேரம் அந்தக் காற்றிலேயே அவள் கண் செருகும்.

போன வாரம் அப்படி அவள் கண் செருகிக்கொண்டிருந்த மத்தியானத்தில் மெட்டில்டா அக்கா வந்தாள். செருப்பை வாசலில் விட்டு, காலைக் கழுவிக்கொண்டு, மரியாதையாகத்தான் வந்தாள். மகனிடமிருந்து போன் வந்துவிட்டது என்றாள். மெலிந்திருக்கிறானாம், சாப்பாடு சரியில்லையாம். பிறகு முந்தானையைச் சரிசெய்துகொண்டு, அன்பியத்தில் எல்லாரும் பேசி முடிவெடுத்ததைச் சொல்லவேண்டியது தலைவியான தன் கடமை என்றாள்.

"தப்பா எடுக்காத ஏளா. பூனைக்குத் தட்டுனாவ, பூனைய அனுப்புனோம். பூவுக்குத் தட்டுனாவ, வெட்டுனோம். இப்பம் ஒனக்குத் தட்டுதாவ. பெத்தவ கை பட்டு புள்ளைக்கு ஆகலன்னா, பெத்தவகிட்ட என்னமோ இருக்குன்னுதான அர்த்தம்? கொஞ்ச நாளைக்கு திருச்சியில ஒன் அக்கா வீட்டுக்குப் போயிட்டு வா. புள்ளைய நாங்க பாத்துக்கிடுவோம்."

இந்தத் தெருவில் எனக்கு இருக்கிற ஒரே சொத்து என் வாய். அதற்கு அன்றைக்குக் கிடைத்த மாதிரி ஒரு பதில் என் ஆயுசில் கிடைத்ததில்லை. மெட்டில்டா அக்காவை, அவள் மாமியாரை, அன்பியத்தை, ஆயரை, எல்லாரையும் ஒரே வாக்கியத்தில் கோர்த்த பதில் அது, தமிழில் தொடங்கி ஆங்கிலத்தில் முடிகிற பதில், நாக்கின் நுனியில் வந்து நின்றது.

என் மகளின் முழங்கை முழுக்கத் தடிகள் ஓங்கி நின்றன, பேச வாய் திறந்தால் இறங்கும். அவள் இமை அப்போதுதான் ஒட்டியிருந்தது.

நான் அக்காவைப் பார்த்தேன். பார்த்துக்கொண்டே ஊதினேன். நான் ஒப்புக்கொண்டுவிட்டேன் என்று அவள் எடுத்துக்கொண்டாள். பஸ் நேரத்தை விசாரித்துச் சொல்வதாகச் சொல்லி, சத்தமில்லாமல் கதவைச் சாத்திவிட்டுப் போனாள். நான் மணிக்கட்டுவரை போய், திரும்பி, முழங்கைக்கு ஊதிக்கொண்டு வந்தேன்.